தண்ணீரைக் கொதிக்க வைக்காமல்

ராஸ் அல்-கைரில் இரவுப் பணி.
எண்ணெயோ எரிவாயுவோ அணுவோ,
உலகம் எதை எரித்தாலும் கடைசியில்
தண்ணீரைத்தான் கொதிக்க வைக்கிறது.
பதினேழு வருஷமாய் நான் பார்க்கும் வேலை
பெரியதொரு கெட்டிலுக்குக் காவல்.

மூன்றாம் டர்பைனின் அதிர்வு
கால் கட்டைவிரலில் தெரியும் எனக்கு.
நூறு பங்கு சூட்டில் நாற்பதுதான் மின்சாரம்.
மீதியில் ஒரு பங்கைப் பற்றி
வெந்நீர் விழும் கடலோரத்தில்
கூட்டமாய் நிற்கும் மீன்களைக் கேட்க வேண்டும்.

ஞானதிரவியம் ஆய்வகத்தில் இருக்கிறான்.
குடிநீரில் போரான் எவ்வளவு என்று
இரண்டு மணிக்கொரு தரம் அளப்பவன்.
உப்பை நிறுத்தி விசாரிக்கும் சவ்வு
போரானை மட்டும்
தெரிந்த பையன் என்று கேட்டில் விட்டுவிடும்.
பிறகு இன்னொரு தரம் பிழிய வேண்டும்.
அதற்குத் தனி பம்ப், தனிச் செலவு.

பழைய அறிக்கைத் தாள்களின் பின்பக்கம்
அவன் வேறொன்று எழுதுகிறான்.

"ஒரு புரோட்டான், ஒரு போரான்.
முட்டிச்சுன்னா மூணு ஹீலியம்.
ஒவ்வொண்ணும் ரெண்டு பிளஸ்ஸைச் சுமந்துக்கிட்டுப் பாயும்.
அந்தப் பாய்ச்சலே கரண்டுதாம்ல!
எதுக்குத் தண்ணி, எதுக்கு நீராவி,
எதுக்கு நீ?"

பாய்ந்து வருவதற்கு எதிரே
லட்சக்கணக்கான வோல்ட்டில் ஒரு மேடு கட்டுவானாம்.
ஏற ஏற வேகம் சாகும்;
செத்த வேகமெல்லாம் கம்பியில் எழும்.
பக்கத்தில், மணல் சரிவில் ஏறித் திணறும்
ஒரு தண்ணீர் லாரியை வரைந்திருந்தான்,
நம்பர் பிளேட்டோடு.

"சூடு எவ்வளவு?"
"நூறு கோடி டிகிரிக்கு மேல."
"எதுல அடைப்ப?"
"எதுலயும் இல்ல. காந்தத்துல."
"இதுவரைக்கும் யாராவது..."
பேனாவை மூடிவிட்டான்.

எலெக்ட்ரான்தான் எதிரி என்றான் பிறகு.
உள்ளே பிறப்பதைவிட அதிகமாய்
எக்ஸ்-கதிராய் வெளியே இறைத்துவிடுகிறதாம்.
அயனி கொதிக்கவும் எலெக்ட்ரான் ஆறியிருக்கவும்
ஒரே பாத்திரத்தில் வழி வேண்டும்.
பதினோராம் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போயிருக்கிறான்.

நேரடி மாற்றம், நேரடி மாற்றம் என்பான் மூச்சுக்கு மூச்சு.
ஏஜென்ட்டுக்கு ஒன்றரை லட்சம்,
அந்த ஏஜென்ட்டின் மச்சானுக்குத் தனியாக இருபதாயிரம்
கொடுத்து வந்து சேர்ந்தவன்.
இடையில் யாரும் கைநீட்டாமல்
ஒன்று இன்னொன்றாவதை
இவன் ஏன் இப்படி நேசிக்கிறான் என்பது
எனக்கு விளங்காமல் இல்லை.

மூன்றே கால் மணிக்கு நான் மடக்கினேன்.
என் டர்பைன் துப்பும் நீராவியில்தான்
அந்த நீண்ட அறைகளில் கடல் வேகிறது.
ரியாத்தில் எவனோ தூக்கத்தில் எழுந்து
குழாயைத் திறக்கிறான்.
உன் யந்திரத்தில் கழிவே இல்லை என்றால்
அவன் எதைக் குடிப்பான்?

வெகுநேரம் பேசவில்லை.
மேசைமேல் கெட்டில்
டக்கென்று அணைந்தது.

"சவ்வு இருக்குல்லா," என்றான்.
"சவ்வுக்கு வெறும் கரண்டு போதும்.
கரண்டு பிழியும், போரான் வரும்.
போரான் கரண்டாகும், திரும்பப் பிழியும்..."
சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு.
கிணறு தானே இறைத்துத் தானே குடிக்குமா என்றேன்.
"கிணறு இல்லல. கடல்.
ஒரு டன்னுல அஞ்சு கிராம்.
தீராது."

நாலு மணி மாதிரி வந்தது.
0.48. எல்லைக்குள்.
குறித்தான், கையெழுத்துப் போட்டான்,
சோதித்தது போக மிஞ்சியதைத் தொட்டியில் கவிழ்த்தான்.
வருஷக்கணக்காய்க் கவிழ்த்ததுதான்.
இன்றைக்கு அது சுழன்று
ஓட்டைக்குள் இறங்கி முடிகிறவரை
இருவரும் நின்று பார்த்தோம்.

வாக்கி-டாக்கி என் பெயரைக் கத்தியது:
மூன்றில் நீராவி அழுத்தம் இறங்குகிறது.
தேநீரை மூடிவைக்கச் சொல்லிவிட்டு
ஓடினேன்.